ஏடும் பறையும்: கலைஞர் கே. ஏ. குணசேகரனார் வாழ்வும் ஆக்கமும்

1931ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் கூடித் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது 11 தடைகளை விதித்தனர். அதற்கு ஆறு திங்கள் முன்னர், 1930 டிசம்பரில், எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டிருந்தன. அவை மீறப்பட்டமையால் பட்டியல் நீண்டது. அக்காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் என்பார் இவற்றை எழுதி வைத்தமையால், இது செவிவழிச் செய்தியாக நில்லாமல் வரலாற்று ஆவணமாக நிற்கின்றது. முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தலாகாது. பொன் நகை அணியலாகாது. மண்குடத்திலன்றிப் பிற குடத்தில் நீர் முகந்து செல்லலாகாது. நிலத்தை வாரத்திற்கோ குத்தகைக்கோ எடுத்துப் பயிரிடலாகாது. இவ்வாறு செல்லும் அப்பட்டியலில் இரண்டு தடைகளை நம் சமுதாய இளைஞர்கள் தனியே எடுத்து நோக்குதல் வேண்டும். ஒன்று, இவர்தம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றலாகாது என்பது. மற்றொன்று, இவர்தம் திருமணம் முதலிய விழாக்களில் மேளம் முதலான இசை முழங்கலாகாது என்பது.

கல்வியையும் இசையையும் ஒரே பட்டியலில் வைத்துத் தடுத்தவர்கள், தாம் அஞ்சியது இன்னதென்பதைத் தாமே எழுதிக் கொடுத்துவிட்டனர் எனலாம். வயிற்றுக்குக் கூலி கொடுக்கும் அவர்களுக்கு ஏட்டைக் கண்டு அச்சம். மேளத்தைக் கண்டும் அச்சம். இத்தனைக்கும் அவர்தம் வீட்டுச் சாவுக்கும் கோயில் விழாவுக்கும் பறையடிக்க நம்மவர் சென்றே தீர வேண்டும். அதற்குத் தடையில்லை, கட்டாயம்தான் இருந்தது. தன் வீட்டு மகிழ்ச்சிக்கு இசையில்லை. பிறர் வீட்டுத் துக்கத்திற்கு அடிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் பெயர்தான் ஊர்வழக்கம்.

அத்தடைகள் விதிக்கப்பட்டு 24 ஆண்டுகள் கழிந்து, 1955 மே 12 அன்று, அதே மாவட்டத்தில் இளையான்குடியை அடுத்த மாரந்தை என்னும் சிற்றூரில் பிறந்தவர் கரு. அழ. குணசேகரன். கே. ஏ. குணசேகரன் என்று நாடறிந்த பாடகர், நாடக ஆசிரியர், பேராசிரியர். மாரந்தை இன்று சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. தடுக்கப்பட்ட ஏட்டையும் தடுக்கப்பட்ட இசையையும் ஒருங்கே கையில் எடுத்தவர் அவர். தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை நம் புதுச்சேரியில் கழித்து, 2016 ஜனவரி 17 அன்று இங்கேயே மறைந்தார். கல்விக்கென ஒரு கழகம் கண்டு 25 ஆண்டு நடத்திய நம்மவர்க்கு, அவர் வரலாறு புகழ்மாலை சூட்டுவதற்காக அன்றி, ஒரு வினாவுக்கு விடை காண்பதற்காகத் தேவைப்படுகின்றது. அவ்வினா யாதெனில்: படித்துப் பட்டம் பெற்றவன், தன் பாட்டனின் பறையை என்ன செய்வது?

அவர் தம் இளமையைத் தாமே எழுதியிருக்கிறார். ‘வடு’ என்னும் அத்தன்வரலாற்று நூல் 2005இல் வெளிவந்தது. 2009இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. இளையான்குடி முஸ்லிம் மக்கள் மிகுதியாக வாழும் ஊர். அவ்வூரில் பழகிய சிறுவனுக்குத் தீண்டாமையின் கடுமை அவ்வளவாகத் தெரியவில்லை. உறவினரைக் காண்பதற்காகச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் செல்லும்போதுதான், எந்தத் தெருவில் நடக்கலாம், எவர் எதிரே எப்படி நிற்க வேண்டும் என்பவை தெரியலாயின. சில கல் தொலைவுக்குள் ஒரே சிறுவன் இரண்டு வேறு மனிதனாக நடத்தப்பட்டான். சாதி என்பது பிறப்போடு ஒட்டி வரும் இயற்கைக் குணம் அன்று, ஊருக்கு ஊர் மாறும் ஏற்பாடே என்பதைப் புத்தகம் படித்து அறியாமல், காலால் நடந்து அறிந்தவர் அவர்.

பள்ளியிலும் ஒரு வடு. கல்வி உதவித்தொகைக்குரிய மாணவர்களைக் கணக்கெடுக்க, வகுப்பில் சாதிப் பெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொல்லுவார்கள். கொடுப்பது அரசாங்கத்துப் பணம். வாங்குபவனுக்கோ நாற்பது பிள்ளைகள் நடுவே தலைகுனிவு. இதைப் படிக்கும் நம்மவர் பலர்க்கு, தம் பள்ளிக்கூடத்து வகுப்பறை கண்முன் வரும். ஆயினும் அவ்வுதவித்தொகையை வாங்கித்தான் அவர் படித்தார். பசியோடு படித்தார். இளையான்குடி, சிவகங்கை, மதுரை என மேற்படிப்புத் தொடர்ந்தது. பின்னர் நாட்டுப்புற ஆடல் பாடல்களை ஆய்வுப் பொருளாகக் கொண்டு முனைவர் பட்டமும் பெற்றார்.

ஈண்டுச் சற்றே நின்று நோக்குவோம். படிப்பில் உயர்ந்த ஒடுக்கப்பட்ட இளைஞன் ஒருவன், அக்காலத்தில் எதை ஆய்வுக்கு எடுத்திருக்கலாம்? சங்க இலக்கியம் இருந்தது, காப்பியம் இருந்தது, மேடையில் மதிப்பும் பதவியும் தரும் பொருள்கள் எத்தனையோ இருந்தன. அவற்றை விடுத்து, சேரியிலும் வயற்காட்டிலும் பாடப்படும் பாட்டை எடுப்பது எளிய முடிவன்று. எதிலிருந்து தப்பிக்கப் படித்தோமோ அதற்கே திரும்பிச் செல்வதாக வீட்டார்க்கும் உறவினர்க்கும் தோன்றும். குறிப்பாகப் பறை.

பறையின் வரலாறு இருமுகம் கொண்டது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம் இவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்லுகின்றது. புறநானூற்று 335ஆம் பாட்டு, துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் நாற்பெருங் குடிகளுள் ஒன்றாக வைக்கின்றது. பறைதல் என்றாலே சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுவே பொருள். ஊருக்குச் செய்தி சொன்ன கருவி அது. பின்னாளில் அக்கருவி ஒரு சாதியின் கழுத்தில் மாட்டப்பட்டது. சாவுச் சேதி சொல்லுதல், பிணத்தின் முன் அடித்துச் செல்லுதல், செத்த மாட்டை அகற்றுதல் என்பவை ஒரே கடமையாகக் கட்டப்பட்டன. அடிக்க மறுத்தால் அடி விழும். ஆகவே, இனிப் பறையடிக்க மாட்டோம் என்று நம் முன்னோர் பல ஊர்களில் உறுதி பூண்டதும், சிலவிடத்துப் பறையைக் கொளுத்தியதும் கலையை வெறுத்தமையால் அன்று, கட்டாயத்தை அறுத்தமையாலேயாகும். அவர்கள் செய்தது முற்றிலும் சரி. இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. பறையைத் தூக்கி எறிந்த தாத்தாவை, பண்பாடு தெரியாதவர் என்று பேசும் சில ஆய்வாளரை நான் ஏற்பதில்லை; அந்தத் தப்பொலிக்கு அவர் கொடுத்த விலை அவர்களுக்குத் தெரியாது.

குணசேகரனாரின் சிறப்பு, இந்தச் சிக்கலைத் தாண்டிக் குதிக்காமல் அதனூடே நடந்தமையில் இருக்கின்றது. கட்டாயம் வேறு, கலை வேறு என்று அவர் பிரித்தார். எவன் வீட்டு வாசலிலோ குனிந்து நின்று அடித்தது அடிமைத் தொழில். அதே பறையை, தன் கூட்டத்தில், தன் சொல்லுக்குத் துணையாக, நிமிர்ந்து நின்று அடிப்பது கலை. தோலும் கட்டையும் அவைதாம், குச்சியும் அதுதான். நிற்கும் இடமும் அழைப்பவனும் மாறினால் பொருள் மாறிவிடுகின்றது.

இதனை அவர் பேச்சாகச் சொல்லவில்லை, செய்து காட்டினார். அவர் பாட்டை ஆக்கிய முறையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு அது விளங்கும்.

முதலில் தொகுத்தல். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, தெம்மாங்கு, கும்மி முதலியவற்றைப் பாடுவோரிடத்தே சென்று கேட்டார். ஏட்டில் எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர் பாட்டின் சொல்லை மட்டும் கொண்டு வருவர். நாட்டுப் பாட்டின் உயிரோ சொல்லில் பாதி, உடம்பில் பாதி. நடவு நடுபவள் குனிந்து, நாற்றை ஊன்றி, பின்னே ஓரடி வைப்பாள். அந்த அசைவுதான் பாட்டின் தாளம். ஒப்பாரியில் அடிக்கு இடையே வரும் விம்மல் அழுகை மட்டுமன்று, அடுத்த அடியை நினைத்துக் கொள்வதற்கான இடைவெளியும் ஆகும். வேலையையும் மூச்சையும் உடன் கண்டவர்க்கே பாட்டு முழுதாகக் கிடைக்கும். அவர் ஆய்வாளராகச் சென்றாலும், அதே வயலையும் அதே பசியையும் அறிந்த வீட்டுப் பிள்ளையாகவும் சென்றார் என்பது நினையத்தக்கது.

அடுத்தது, மெட்டை விடாமல் சொல்லை மாற்றுதல். இது அவர் கண்டுபிடித்ததன்று. மக்கள் காலங்காலமாகச் செய்வதே. தாலாட்டுப் பாடும் தாய், பிள்ளையைத் தூங்க வைக்கும் சாக்கில் தன் மாமியார் வீட்டுக் கொடுமையையும் பாடி முடிப்பாள். ஒப்பாரி வைப்பவள் செத்தவரைப் புகழும் சாக்கில் உயிரோடிருப்பவரை இடித்துரைப்பாள். இந்தச் சாக்குப்போக்கு உரிமையை அவர் மேடைக்குக் கொண்டு வந்தார். கேட்பவர்க்கு மெட்டு முன்பே தெரியும்; ஆகவே முதல் அடியிலேயே தலை ஆடும், கை தாளமிடும். இரண்டாம் அடியில் சொல் வேறாக இருக்கும். பழகிய காதுக்குள் பழகாத செய்தி நுழைந்துவிடும். கூலிச் சண்டையும் தீண்டாமைக் கொடுமையும் இவ்வாறுதான் பாட்டாயின.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சேரி மேடையின் அடக்கிய குரல் அவருடையதன்று. வெட்டவெளியில், ஒலிபெருக்கி இல்லாத இடத்திலும் கடைசி ஆள் வரை சென்று சேர வேண்டிய திறந்த தொண்டை. வயற்காட்டில் ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புக்கு அழைக்கும் குரலின் வழிவந்தது அது. பேச்சு வழக்கு நெடிலும் குறிலும் மாறாமல் பாட்டில் நின்றன. மேடைத் தமிழுக்காக அவர் தம் ஊர் நாக்கைத் திருத்திக் கொள்ளவில்லை. வகுப்பில் செந்தமிழில் பாடம் சொல்லும் பேராசிரியர், மாலையில் மாரந்தைத் தமிழில் பாடினார். இரண்டும் அவர்க்குத் தமிழே.

அவர் அமைத்த குழுவின் பெயர் ‘தன்னானே’. நம் வீட்டு மூதாட்டியர் அனைவர்க்கும் தெரிந்த அசை அது. பாட்டின் சொல் மறந்தாலும், புதுச் சொல் பிறக்காத நேரத்திலும், பாட்டு அறுந்து போகாமல் தாங்கிப் பிடிப்பது தன்னானே. அதற்குப் பொருள் இல்லை; ஆதலால் அதைப் பாட எவர்க்கும் தகுதி வேண்டியதில்லை. தலைவர் ஓரடி பாட, கூட்டம் முழுவதும் தன்னானே போட்டுச் சேர்ந்து கொள்ளலாம். பாடுபவன் வேறு, கேட்பவன் வேறு என்ற வேலி அங்கே இல்லை. குழுவுக்கு இப்பெயரை வைத்தவர், தம் கலைக் கொள்கை முழுவதையும் நான்கெழுத்து ஒலிக்குள் வைத்துவிட்டார் என்றே கொள்ளலாம்.

இக்குழுவின் மேடையில் பறை முன்னே நின்றது. பறையைத் தீயில் காய்ச்சுவதையே முதல் நிகழ்ச்சியாகக் காண்பவர் உண்டு. மரச்சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல் ஈரக் காற்றில் தளரும். வைக்கோல் கொளுத்தி அனல் காட்டினால் இறுகி, ஓசை கூர்மையாகும். இரண்டு குச்சிகள்: ஒன்று தடித்துக் குட்டையானது, மற்றது மூங்கிற் சிம்பு போல மெலிந்து நீண்டது. தடித்தது நடுவே விழும். மெலிந்தது ஓரத்தில் படபடக்கும். தோளில் தொங்குவதால் அடிப்பவன் உட்கார இயலாது. ஆடிக்கொண்டேதான் அடிக்க வேண்டும். எனவே பறையிசை என்பது எப்போதும் பாதி ஆட்டம். இதனை அரங்க மொழியாக்கலாம் என்பதைக் கண்டமைதான் பாடகரான அவரை நாடகத்திற்கு இழுத்துச் சென்றது என்று கருத இடமுண்டு.

பாட்டுகளுள் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது ‘மனுசங்கடா’. எழுதியவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரையில் பிறந்தவர், இயற்பெயர் சாகுல் அமீது. எழுதியவரும் பாடியவரும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தார் என்பதை, முன்னர்ச் சொன்ன 1931ஆம் ஆண்டுப் பட்டியலோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று பெண்களும் குழந்தைகளும் உட்பட 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட நினைவு ஆறாத காலத்தின் குரல் அது. நாங்களும் மனிதர்கள் என்னும் ஒரே செய்திதான் அதில் உள்ளது. படித்துப் பார்த்தால் எளிய செய்தி. குணசேகரனார் குரலில் அது முறையீடாக ஒலிக்காமல் அறிவிப்பாக ஒலித்தது. இடதுசாரி இயக்க மேடைகளிலும், பின்னர் 1990களில் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த தலித் இயக்க மேடைகளிலும் அப்பாட்டு முழங்கிற்று. ஒலிநாடாவாகவும் ஊர் ஊராகச் சென்றது. மின்சாரம் ஒழுங்காக வராத சேரிகளிலும் நாடாப் பெட்டியில் அக்குரல் கேட்டது.

நாடகத்திற்கு வருவோம். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறைக்குப் பின் தமிழகத்தில் புதிய நாடக முயற்சிகள் தோன்றின. 1978இல் மதுரையில் ‘நிஜ நாடக இயக்கம்’ பிறந்தது. மேடையைத் தெருவுக்கும் திடலுக்கும் கொண்டு வந்த காலம் அது. புதுச்சேரியிலோ 1985இல் பல்கலைக்கழகம் ஏற்பட்டு, அதன்கீழ்ச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி அமைந்தது. தொடக்கத்தில் அதனை நடத்தியவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. நாடகத் தலைமையாசிரியரான சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று இப்புதுவையில் மறைந்தவர். அவர் உடல் அடக்கமாகியிருக்கும் கருவடிக்குப்பம் நம் ரெட்டியார்பாளையத்திலிருந்து தொலைவில்லை; ஆயினும் சென்று கண்டவர் நம்மில் எத்தனை பேர்? அப்பள்ளியில்தான் குணசேகரனார் ஆசிரியராகிப் பின்னர் அதன் தலைமைப் பொறுப்பும் ஏற்றார். காலாப்பட்டு வளாகத்தில் நாடகம் பயில வந்த மாணவர், ஏட்டு நாடகத்தோடு பறையையும் கூத்தையும் ஒயிலையும் பாடமாகக் காணலாயினர். முன்னொரு காலத்தில் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட கருவி, பல்கலைக்கழக வகுப்பறைக்குள் பாடமாக நுழைந்தது. இடையில் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் அவர் பணியாற்றினார்.

அவர் எழுதிய நாடகங்களுள் ‘பலி ஆடுகள்’ தமிழின் முதல் தலித் நாடகம் என்று பலராலும் குறிக்கப்படுவது. சடங்கின் பெயரால் பலியிட ஒடுக்கப்பட்டவன் தேடப்படுகிறான் என்று தொடங்கும் கதை, அந்தப் பலியின் சுமை முடிவில் பெண்ணின் தலையில் இறங்குவதைக் காட்டுகின்றது. ஆதிக்கம் செய்வோரைச் சாடுவது எளிது, நம்மவர் கைதட்டுவர். நம் வீட்டுக்குள்ளே நாமே பலியாடாக நிறுத்தும் பெண்ணைக் காட்டும்போது கைதட்டல் சற்றே தயங்கும். அத்தயக்கத்தை உண்டாக்கத் துணிந்த நாடகம் அது. என் கணிப்பில் அவர் ஆக்கங்களுள் இதற்கே முதலிடம். ‘தொடு’, ‘சத்திய சோதனை’ முதலிய பிற நாடகங்களும் உண்டு. ‘பவளக்கொடி அல்லது குடும்ப வழக்கு’ என்பதன் தலைப்பைப் பாருங்கள்: பழைய நாடக நோட்டீசு போல ‘அல்லது’ போட்டு, சங்கரதாஸ் சுவாமிகள் மேடையில் நின்ற புராணக் கதைத்தலைவியைக் குடும்ப வழக்கு மன்றத்திற்கு அழைத்து வருகின்றது. மரபை உடைத்தெறியவுமில்லை, தலைமேல் வைத்துத் தொழவுமில்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்.

‘தலித் அரங்கியல்’, ‘சேரிப்புறவியல்’ என்னும் அவருடைய நூற்பெயர்களும் கருதத்தக்கவை. நாட்டுப்புறம் என்று பொதுவாகச் சொன்னால் அங்கே ஊரும் உண்டு, சேரியும் உண்டு. ஆய்வாளர் பெரும்பாலும் ஊரோடு நின்று திரும்பிவிடுவர். சேரிக்கெனத் தனியே ஓர் இயல் வேண்டும் என்று பெயரிலேயே கூறினார்.

குறையொன்றும் சொல்லாமல் விட்டால் வரலாறாகாது. பறை மேடையேறிய பின், அதுவும் ஓர் அலங்காரமாகும் ஆபத்து வந்துள்ளது. விழாத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் பறை முழக்கி, விருந்தினரை வரவேற்று, அடித்தவர்களுக்கு மேடையில் நாற்காலி போடாமல் அனுப்பிவிடும் வழக்கம் எங்கும் காணப்படுகின்றது. இது பழைய வாசற்படியின் புதிய வடிவமே. இதற்குக் குணசேகரனார் பொறுப்பல்லர். ஆயினும் அவர் திறந்த வழியில்தான் இதுவும் நடந்து வருகின்றது. நிற்கும் இடம் மாறினால் பொருள் மாறும் என்றோம். நாற்காலி யாருக்கு என்பதும் நிற்கும் இடத்தைச் சேர்ந்ததே.

அவர் மறைந்த அதே 2016ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் கவிஞர் இன்குலாபும் மறைந்தார்.

நம் இளைஞர்கள் ‘வடு’ நூலை முதலில் படிக்கட்டும். பெரிய நூலன்று, பேச்சுத் தமிழில் ஓடுவது, இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். பின்னர், அவர் செய்ததில் ஒரு சிறு பங்கை இவண் நாமே செய்யலாம். நம் ரெட்டியார்பாளையத்தைச் சுற்றி வயலாக இருந்தவை மனைகளாகிவிட்டன; நடவு இல்லாதபோது நடவுப் பாட்டுக்கு வாய் திறக்கும் வேளையும் இல்லை. ஆயினும் அப்பாட்டை அறிந்த மூதாட்டியர் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் சென்று அமருங்கள். கைப்பேசியிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். பாட்டை மட்டும் வாங்கி வராமல், எந்த வேலையின்போது பாடியது, யாருடைய நிலம், அன்று கூலி எவ்வளவு, முதலடி எடுத்தவர் யார், தன்னானே போட்டவர் யார் யார் என்பவற்றையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். சொல் மறந்துவிட்டது என்று அவர் தயங்கினால் அவசரப்படுத்த வேண்டாம். நீங்களே தன்னானே என்று எடுத்துக் கொடுங்கள்.